கல்லூரி டாக்ஸ் கிரெடிட்: அப்பா ரிட்டர்னிலா, பிள்ளை ரிட்டர்னிலா?

“அங்கிள், என்கூட லைப்ரரியில வேலை பாக்கிறவனுக்கு ரீஃபண்ட்ல ஆயிரம் டாலர் எக்ஸ்ட்ரா வந்திருக்கு. எனக்கு ஏன் காட்ட மாட்டேங்குது?”

எங்கள் சமையலறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். வயது 19. நியூஜெர்சியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. 2025-இல் கல்லூரி நூலகத்தில் பகுதிநேர வேலை பார்த்து 6,400 டாலர் சம்பாதித்திருந்தாள். கட்டிய ஃபீஸைக் காட்டிக் கல்லூரி அனுப்பிய 1098-டி படிவமும் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவமும் பக்கத்தில் கிடந்தன. அவள் அப்பா வாசலில் நின்றபடியே, “அவ ரிட்டர்ன்ல போட்டா அவளுக்கு ஆயிரம் வரும்னா போட்டுட்டுப் போகட்டும், எனக்கு என்ன?” என்றார்.

அப்படி விட்டிருந்தால் அந்த வீட்டுக்கு 3,000 டாலர் நஷ்டம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி வருடம் தவறாமல் வருகிறது. கீழே உள்ள எண்களெல்லாம் 2025 வருடத்துக்கான ஃபெடரல் வரிக்கு உரியவை. மாநில வரி தனிக் கதை.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் ஒரு வார்த்தையைத் தெளிவாக்கிக்கொள்வோம். கிரெடிட் என்பது வருமானத்திலிருந்து கழிவதல்ல, கட்ட வேண்டிய வரியிலிருந்தே கழிவது. அதிலும் இரண்டு வகை. ஒன்று கடைக் கூப்பன் மாதிரி: 1,500-க்குக் கூப்பன் இருந்தாலும் 250-க்குத்தான் சாமான் வாங்கினீர்கள் என்றால், மிச்சத்துக்குச் சில்லறை தரமாட்டார்கள். இன்னொன்று, வரியே இல்லாவிட்டாலும் காசாகக் கையில் தருவது. இதைத்தான் ரீஃபண்டபிள் என்கிறார்கள்.

2009-இல் வந்து, 2015-இல் நிரந்தரமான அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட் இரண்டும் கலந்தது. இனி சுருக்கமாக ஏஓடிசி. படிப்புச் செலவில் முதல் 2,000 டாலர் முழுசாகவும், அடுத்த 2,000-இல் கால் பங்கும் சேர்த்து, ஒரு மாணவருக்கு அதிகபட்சம் 2,500. அதில் 40 சதவீதம், அதாவது 1,000 வரை, கையில் வரக்கூடியது. மிச்சம் கூப்பன். லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் முழுக்கக் கூப்பன்தான். இதை எல்எல்சி என்று எழுதுகிறேன். கம்பெனி பெயருக்குப் பின்னால் வரும் எல்எல்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே பார்க்க வேண்டியவை இவை. யாருக்கு எவ்வளவு வரி இருக்கிறது? கையில் வரும் பகுதிக்கு யார் தகுதி? யாருடைய வருமானம் வரம்பைத் தாண்டுகிறது? ஏஓடிசியை ஒரு மாணவருக்கு மொத்தம் நான்கு வருடம்தான் எடுக்கலாம், அதில் ஒன்று செலவாகிறதா? கடைசியாக, ஒருவர் எடுப்பதால் இன்னொருவர் எதை இழக்கிறார்? வாசலில் நின்ற அப்பா கேட்காமல் விட்டது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.

| | பெற்றோர் ரிட்டர்னில் ஏஓடிசி | பெற்றோர் விட்டுக்கொடுக்க, மாணவர் எடுக்கும் ஏஓடிசி | தன் காலில் நிற்கும் மாணவர் எடுக்கும் ஏஓடிசி | எல்எல்சி |
|---|---|---|---|---|
| அதிகபட்சம் | மாணவருக்கு 2,500 | 2,500, ஆனால் மாணவரின் வரி அளவுக்குத்தான் | 2,500 | ரிட்டர்னுக்கு 2,000 |
| கையில் வருவது | 1,000 வரை | பெரும்பாலும் பூஜ்யம் | 1,000 வரை | பூஜ்யம் |
| வருமான வரம்பு | தம்பதி 160,000-இலிருந்து குறைந்து 180,000-இல் முடியும் | தனி நபர் 80,000 – 90,000 | தனி நபர் 80,000 – 90,000 | இதே வரம்புகள்தான் |
| வருடக் கணக்கு | நான்கில் ஒன்று | நான்கில் ஒன்று | நான்கில் ஒன்று | கட்டுப்பாடில்லை |
| இழப்பு | எதுவுமில்லை | பிள்ளையைக் காட்டுவதால் பெற்றோருக்கு வரும் 500 டாலர் கிரெடிட், தகுதி இருந்தால் அவர்களின் ஏஓடிசியும் | எதுவுமில்லை | அதே மாணவருக்கு அந்த வருடம் ஏஓடிசி கிடையாது |

## பெற்றோர் ரிட்டர்னில் போடுவது

பிள்ளையை டிபெண்டென்ட் (தன்னைச் சார்ந்து வாழ்பவர்) என்று யார் காட்டுகிறாரோ, அவர்தான் கிரெடிட்டை எடுக்க முடியும். இரண்டையும் பிரித்து ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஃபீஸைப் பிள்ளையே கட்டியிருந்தாலும், அவள் பெயரில் கடன் வாங்கிக் கட்டியிருந்தாலும், பெற்றோர் கட்டியதாகவே கணக்கு.

பக்கத்து வீட்டில் தம்பதியின் வருமானம் 112,000 டாலர். படிப்புச் செலவு 4,000-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே 2,500 முழுசாக அவர்கள் வரியிலிருந்து கழிந்துவிடும். கூடவே, 17 வயது தாண்டிய டிபெண்டென்டுக்கு உள்ள 500 டாலர் கிரெடிட்டும் உண்டு. மொத்தம் 3,000.

வருமானம் குறைந்த வீட்டில் கணக்கு மாறும். தம்பதியின் வருமானம் 34,000 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் (வரி போடாமல் விடும் அடிப்படைத் தொகை) 31,500 போக மிச்சம் 2,500. வரி 250. மற்றச் சலுகைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 1,500 டாலர் கூப்பனில் 250-தான் பயன்படும். 1,000 கையில் வரும். ஆக 2,500 என்று கேள்விப்பட்டவருக்கு உண்மையில் கிடைப்பது 1,250. சாஃப்ட்வேர் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இந்த இடத்தில்தான். அது சரியாகத்தான் போட்டிருக்கிறது.

எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். தம்பதியின் வருமானம் 170,000 என்றால் கிரெடிட் பாதியாகிவிடும். 180,000 என்றால் ஒன்றுமில்லை. வேலையில் உள்ள 401(கே) ஓய்வுகாலச் சேமிப்புக் கணக்கில் வரிக்கு முன் போடும் பணம் இந்த வருமானத்தைக் குறைக்கும். அதை டிசம்பருக்குள் செய்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பைத் தவறவிட்டவர்களுக்கு, தகுதியான மருத்துவத் திட்டம் இருந்தால், எச்எஸ்ஏ என்னும் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் ஏப்ரல் 15 வரை முந்தைய வருடத்துக்குப் பணம் போட வழி உண்டு. கணவன் மனைவி தனித்தனி ரிட்டர்ன் போட்டால் இருவருக்கும் எந்தக் கல்வி கிரெடிட்டும் கிடையாது.

## பெற்றோர் விட்டுக்கொடுத்து, பிள்ளை எடுப்பது

பெற்றோர் டிபெண்டென்டாகக் காட்ட உரிமை இருந்தும் காட்டாமல் விடலாம். அப்போது பிள்ளை கிரெடிட்டை எடுக்கலாம். ஆனால் கல்வி கிரெடிட்டுக்கான 8863 படிவத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் டிக் விழுந்தால் கையில் வரும் பகுதி ரத்து, முழுவதும் கூப்பனாகிவிடும். யாருக்கு விழும்? 24 வயது ஆகாதவர், பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருக்கிறார், மணமாகி ஜாயின்ட் ரிட்டர்ன் போடவில்லை, முழுநேர மாணவர், அவர் உழைத்துச் சம்பாதித்தது அவருக்கு ஆன மொத்தச் செலவில் பாதியைத் தொடவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதற்குள் அடங்கிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டுப் பெண்ணும் அப்படித்தான். 6,400 டாலர் வருமானத்துக்கு வரியே இல்லை. வரி இல்லாத இடத்தில் கூப்பனால் என்ன பயன்? அவள் ரிட்டர்னில் கிரெடிட் போட்டால் கிடைப்பது பூஜ்யம். அப்பா இழப்பது 3,000. அவளுக்கு உண்மையில் திரும்பி வந்தது, சம்பளத்தில் ஃபெடரல் வரியாகப் பிடித்திருந்த 210 டாலர். அதுவும் அவள் பணம்தான்.

அப்படியென்றால் இந்த வழி யாருக்கு? பெற்றோர் வருமானம் 180,000-ஐத் தாண்டியவர்களுக்கு மட்டும். அவர்களுக்கு ஏஓடிசி எப்படியும் இல்லை. விட்டுக்கொடுத்தால் போவது 500 டாலர் கிரெடிட்தான். எனவே பிள்ளைக்கு 500-க்கு மேல் வரி இருக்கிறதா என்பதே கேள்வி.

பிள்ளை கோடையில் இன்டர்ன்ஷிப் செய்து 22,000 சம்பாதித்தான் என்று வைப்போம். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750 போக 6,250. வரி சுமார் 625. கிரெடிட் அதை அழித்துவிடும். அப்பா 500 இழக்கிறார். வீட்டுக்கு மிச்சம் 125. இதற்காகவா இவ்வளவு பாடு என்று எனக்குத் தோன்றும். நான்கு வருடக் கணக்கில் ஒன்று வேறு செலவாகிவிடும். அதே பிள்ளை படிப்போடு சேர்ந்த ஆறு மாத கோ-ஆப் வேலையில் 32,000 சம்பாதித்தான் என்றால் வரி சுமார் 1,710. முழுசும் கழியும். 500 போக 1,200 சொச்சம் வீட்டுக்கு மிச்சம். இது செய்யத் தக்கது.

இதில் மறைந்திருக்கும் சிக்கல் ஒன்று உண்டு. அப்பா டிபெண்டென்டாகக் காட்டாமல் விட்டாலும், “என்னை இன்னொருவர் டிபெண்டென்டாகக் காட்ட முடியும்” என்ற பெட்டியில் பிள்ளை டிக் செய்தாக வேண்டும். கேள்வி ‘காட்டினாரா’ என்பதல்ல, ‘காட்ட முடியுமா’ என்பது.

இதற்கு நேர்மாறான விபத்துதான் அதிகம் நடக்கிறது. 200 டாலர் ரீஃபண்டுக்கு ஆசைப்பட்டுப் பிள்ளை பிப்ரவரி முதல் வாரத்திலேயே ஃபோனில் ரிட்டர்னைப் போட்டுவிடும், அந்தப் பெட்டியைக் கவனிக்காமல். மார்ச்சில் அப்பா இ-ஃபைல் செய்தால் ‘ரிஜெக்டட்’ என்று வரும். பிறகு பிள்ளை 1040-எக்ஸ் போட்டுத் திருத்த வேண்டும். அப்பா காகிதத்தில் அனுப்ப வேண்டும், அல்லது ஃபெடரல் வரித்துறையான ஐஆர்எஸ் தரும் ஆறு இலக்க அடையாள எண்ணான ஐபி பின் வாங்கி மறுபடி இ-ஃபைல் செய்ய வேண்டும். ஆகவே வீட்டில் ஒரு ஒழுங்கு: அப்பா ரிட்டர்ன் முதலில், பிள்ளை ரிட்டர்ன் பிறகு.

## தன் காலில் நிற்கும் மாணவர்

நூலகத்தில் உடன் வேலை பார்க்கும் அந்தப் பையனுக்கு வயது 25 என்று விசாரித்தபோது தெரிந்தது. பள்ளி முடித்துச் சில வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வந்திருக்கிறான். வருமானம் 17,000. யாருடைய டிபெண்டென்டும் இல்லை. படிப்புச் செலவு 4,000-க்கு மேல். வரி வெறும் 125 டாலர், அது கூப்பனில் கழிந்தது. 24 வயது தாண்டியதால் அந்தச் சின்னப் பெட்டி அவனுக்கு இல்லை. ஆயிரம் டாலர் கையில் வந்தது.

“அப்ப நான் 24 வரைக்கும் வெயிட் பண்ணணுமா?” என்றாள் இவள். வேண்டாம். அவனுக்குக் கிடைத்தது 1,125. இவள் வீட்டுக்குக் கிடைப்பது 3,000. போகிற கைதான் வேறு.

இந்த வழியில் யோசிக்க ஒன்றுமில்லை. தகுதி இருந்தால் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

## பெல் கிராண்ட் உள்ள வீடு: யாரும் சொல்லாத கணக்கு

குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஃபெடரல் அரசு தரும் பெல் கிராண்ட் வந்துவிட்டால், ஃபீஸ் முழுக்க அதிலேயே போய்விட்டது, கிரெடிட் எல்லாம் நமக்கில்லை என்று பலர் படிவத்தையே தொடுவதில்லை. இதில் போகிற பணம்தான் எனக்கு ரொம்ப உறுத்துவது.

ஃபீஸ் 5,000. பெல் கிராண்ட் 5,000. புத்தகம் 600. நேர்கணக்குப் போட்டால் கிரெடிட்டுக்கு எஞ்சும் செலவு 600-தான். ஏஓடிசி 600. ஆனால் பெல் கிராண்டைச் சாப்பாடு, குடியிருப்புச் செலவுக்கும் பயன்படுத்தலாம். அப்படிப் பயன்படுத்திய பகுதிக்கு வரி உண்டு, அவ்வளவுதான். ஆகவே 5,000-இல் 3,400-ஐச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் செலவானதாகக் கணக்கில் காட்டினால், ஃபீஸில் 3,400-ம் புத்தகம் 600-ம் சேர்ந்து 4,000 கிரெடிட்டுக்குக் கிடைக்கும். ஏஓடிசி 2,500.

அந்த 3,400 பிள்ளையின் வருமானமாகிவிடும். பகுதிநேர வேலையில் 7,000 சம்பாதித்திருந்தால் மொத்தம் 10,400. அப்போதும் 15,750-க்குக் கீழே. வரி பூஜ்யம். ஒரு காசு கூடுதல் வரி கட்டாமல் கிரெடிட் 600-இலிருந்து 2,500 ஆகிறது. கல்லூரி கிராண்டை நேராக ஃபீஸ் கணக்கில் வரவு வைத்திருந்தாலும் இப்படிப் பிரித்துக் காட்டத் தடையில்லை.

கவனிக்க வேண்டியவை இரண்டு. சாப்பாடு, குடியிருப்புக்கு அந்த அளவு செலவு நிஜமாகவே ஆகியிருக்க வேண்டும். உதவித்தொகையின் விதியும் அதை அனுமதிக்க வேண்டும்: பெல் அனுமதிக்கும், ‘ஃபீஸுக்கு மட்டும்’ என்று எழுதித் தரும் ஸ்காலர்ஷிப் அனுமதிக்காது. பிள்ளைக்கு வேறு வருமானம் அதிகமென்றால் இன்னொரு கண்ணி உண்டு. இப்படி வரும் உதவித்தொகை, ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கணக்குக்கு உழைத்த வருமானம். ஆனால் பெற்றோரின் விகிதத்தில் வரி போடும் ‘கிட்டி டாக்ஸ்’ கணக்குக்கு உழைக்காத வருமானம். ஒரே பணத்துக்கு இரண்டு முகம்! அப்படிப்பட்டவர்கள் இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

529 என்னும் கல்விச் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கும் இதே தர்க்கம்தான். எல்லா ஃபீஸையும் 529-இலிருந்து கட்டிவிட்டால் கிரெடிட்டுக்குச் செலவே மிஞ்சாது. 4,000 டாலரை வெளிப்பணத்திலோ கடனிலோ கட்டிவிட்டு, 529-ஐ ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்வது லாபம்.

## எல்எல்சி எப்போது?

ஏஓடிசி கிடைக்காதபோது. வேறு பதில் இல்லை. 4,000 செலவுக்கு ஏஓடிசி 2,500 தரும், எல்எல்சி 20 சதவீதம், 800-தான் தரும். 10,000 செலவு செய்தாலும் எல்எல்சி 2,000-தான், அதுவும் வீட்டில் எத்தனை பேர் படித்தாலும் ரிட்டர்னுக்கு ஒன்று. ஆனால் மாஸ்டர்ஸ் படிப்பவர், வேலை பார்த்துக்கொண்டே ஒரே ஒரு கோர்ஸ் எடுப்பவர், நான்கு வருடம் முடிந்தவர் எல்லோருக்கும் இது பொருந்தும். ஏஓடிசிக்கு அரை நேரமாவது படிக்க வேண்டும், டிகிரி நோக்கம் வேண்டும், பட்டப்படிப்பின் முதல் நான்கு ஆண்டுக்குள் இருக்க வேண்டும்.

நான்கு வருடப் படிப்பு ஐந்து காலண்டர் வருடத்தில் பரவும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 2025 ஆகஸ்டில் சேர்ந்தால் 2029 மே மாதம் முடியும். ஐந்தில் நான்குக்குத்தான் ஏஓடிசி. எந்த வருடம் செலவு குறைவோ, யாருக்கும் வரி இல்லையோ, அந்த வருடத்தை விட்டுவிடுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் தொடங்கும் செமஸ்டருக்கு டிசம்பரிலேயே ஃபீஸ் கட்டினால் அது கட்டிய வருடத்துச் செலவு. முதல் வருடத்தில் 4,000 சேராதவர்களுக்கு இது கைகொடுக்கும்.

## விசாவில் இருப்பவர்கள்

எச்-1பி பெற்றோர் பெரும்பாலும் வரிக்கணக்கில் ரெசிடென்ட்தான். அவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். ஆனால் 2025-இல் வந்த சட்டம் ஒன்றை மாற்றிவிட்டது. 2026 வருடத்துக்கான ரிட்டர்னிலிருந்து, இந்த இரண்டு கிரெடிட்டுக்கும் ரிட்டர்ன் போடுபவருக்கும் மாணவருக்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டும், அந்த எண் இல்லாதவர்களுக்கு வரிக்காகத் தரும் ஐடிஐஎன் போதாது. எச்-1பி பெற்றோரைச் சார்ந்து எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பொதுவாக ஐடிஐஎன்தான் இருக்கும். ஆகவே அவர்கள் வீட்டில் 2025-க்கான கிரெடிட்டே கடைசியாக இருக்கக்கூடும். தகுதி இருந்து இந்த முறை எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் எஃப்-1 விசாவில் மாஸ்டர்ஸ் படிக்க வருகிறவர்களின் நிலை வேறு. முதல் ஐந்து காலண்டர் வருடம் அவர்கள் நான்-ரெசிடென்ட். 2023 டிசம்பர் 28-இல் வந்திறங்கினாலும் 2023 ஒரு வருடமாக எண்ணப்படும். போட வேண்டியது சாதா 1040 படிவமல்ல, நான்-ரெசிடென்டுக்கான 1040-என்ஆர். அதில் கல்வி கிரெடிட் எதுவும் கிடையாது. பிரபலமான சாஃப்ட்வேர்கள் பல, யார் வந்தாலும் சாதா 1040-ஐயே போட்டுத் தரும். 1098-டி விவரத்தைத் தட்டியதும் திரையில் ரீஃபண்ட் ஆயிரம் டாலர் ஏறும். ரூம்மேட்டுக்கு வந்ததே என்று தானும் போடுவார்கள். மாஸ்டர்ஸ் மாணவருக்கு ஏஓடிசி பொருந்தாது என்பதும் அதோடு சேர்ந்த இரண்டாவது தவறு.

ஆறுதலாக ஒன்று: இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவின்படி இந்திய மாணவர்கள் 1040-என்ஆரிலும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கலாம். பெரும்பாலான நாட்டு மாணவர்களுக்கு அது கிடையாது. கல்லூரிக்குள் வேலை பார்த்து 15,750-க்குள் சம்பாதித்தவருக்குப் பிடித்த ஃபெடரல் வரி முழுக்கத் திரும்பும்.

தெரியாமல் 1040 போட்டு ஆயிரம் வாங்கிவிட்டீர்களா? பணத்தைத் தொடாமல் வையுங்கள். 1040-எக்ஸ் நிரப்பி, சரியான 1040-என்ஆரை இணைத்து அனுப்பி, அதிகமாக வந்ததைத் திருப்பிக் கட்டிவிடுங்கள். ஐஆர்எஸ் கடிதம் வரும்வரை காத்திருந்தால் வட்டி ஏறும், அபராதமும் சேரலாம். விதியை அலட்சியம் செய்து எடுத்ததாக முடிவு செய்தால் இரண்டு வருடமும், மோசடி என்றால் பத்து வருடமும் ஏஓடிசி எடுக்கத் தடை உண்டு. கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். ஸ்பிரின்டாக்ஸ் மாதிரி நான்-ரெசிடென்டுக்கென்றே உள்ள சாஃப்ட்வேரைப் பல கல்லூரிகள் தங்கள் மாணவர்களுக்கு இலவசமாகவோ சலுகையிலோ தருகின்றன.